தேதி வேண்டாம், ஆதாரம் தாருங்கள்: எழுதுகருவிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

குழுவினருக்கு வணக்கம்.

எழுதுவதற்கு மட்டுமே என்று ஒரு மின்னணுத் தட்டச்சுக் கருவியைச் செய்துதருவதாகச் சொல்லி எங்களிடம் முன்பணம் வாங்கினீர்கள். அதைப் பற்றிய உங்கள் கடைசி அப்டேட்டைப் படித்தேன். வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது, அடுத்த காலாண்டில் அனுப்பத் தொடங்கிவிடுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். காலாண்டை மட்டும் மாற்றி மாற்றி இதையேதான் நீண்ட நாளாக எழுதிவருகிறீர்கள். நான் அதை நம்பவில்லை. ஏன் நம்பவில்லை, என்ன காட்டினால் நம்புவேன் என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். தனியாகக் கேட்ட கேள்விகளுக்கு, பொறுமைக்கு நன்றி என்ற ஒரே பதில்தான் எனக்கும் என்னைப்போல் பணம் போட்ட பலருக்கும் வந்தது. ஆகவே பொதுவில் கேட்கிறேன்.

இந்தக் கருவி எனக்கு உண்மையிலேயே வேண்டும். இணையம் கிடையாது, அறிவிப்புச் சத்தம் கிடையாது, கண்ணைக் கூசவைக்காத, காகிதம்போலத் தெரியும் இ-இங்க் திரை, விரலுக்கு இதமான விசைப்பலகை, மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம், ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடும், எழுதியதைத் தேவைப்படும்போது மட்டும் வைஃபை வழியாக அனுப்பிக்கொள்ளலாம். எழுதுகிறவர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கருவி இது. பெரிய கம்பெனிகள் இதைச் செய்யமாட்டார்கள், விற்கும் எண்ணிக்கை அவர்களுக்குப் போதாது. சிறு குழு ஒன்று முன்வந்து, முன்பணம் கொடுங்கள் செய்து தருகிறோம் என்று கேட்பதும், தெரியாத ஆயிரக்கணக்கான பேர் நம்பிப் பணம் போடுவதும் எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத்தான் தோன்றுகிறது. அந்த நம்பிக்கை வீணாகிவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தாமதம் என் குறை இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வி கேட்கிற ஒவ்வொருவரையும் ‘கிரவுட்ஃபண்டிங் (பலரிடம் முன்பணம் திரட்டிப் பொருள் செய்வது) என்றால் என்னவென்றே தெரியாதவர்’ என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். எங்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளியின் பேராசிரியர் ஈத்தன் மோலிக் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கிக்ஸ்டார்ட்டர் என்ற முன்பணம் திரட்டும் தளத்தில் பணம் சேர்த்த வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களில் 75 சதவீதத்துக்கு மேல் சொன்ன தேதிக்குப் பிறகுதான் பொருளைக் கொடுத்தன என்று வந்தது. கேட்டதைவிட அதிகமாகப் பணம் சேர்ந்த திட்டங்கள் இன்னும் அதிகமாகத் தாமதித்தன என்பதும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் கேட்டதைப் போலப் பல மடங்கு உங்களுக்குச் சேர்ந்தது. நூற்றுக்கணக்கில் செய்ய நினைத்ததை ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டிவந்தால் தொழிற்சாலையை மாற்ற வேண்டும், வடிவத்தை மாற்ற வேண்டும், பாகங்களை வேறு இடத்தில் வாங்க வேண்டும். இதெல்லாம் புரியாதவர்கள் இல்லை நாங்கள்.

பெபிள் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் ஒரு லட்சம் டாலர் கேட்டார்கள், ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது, சுமார் 69,000 பேர் பணம் போட்டார்கள். செப்டம்பர் 2012-இல் தருவதாகச் சொல்லி ஜனவரி 2013-இல்தான் அனுப்பத் தொடங்கினார்கள். காத்திருந்தவர்களுக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் கடிகாரம் வந்தது, அதே குழுவுக்கு 2015-இல் அடுத்த கடிகாரத்துக்காக இரண்டு கோடி டாலருக்கு மேல் திரும்பவும் குவிந்தது. தாமதித்தவர்களை மக்கள் மன்னித்துவிடுகிறார்கள். சில மாதத் தாமதத்துக்காக யாரும் உங்களைத் தூக்கிலேற்றப் போவதில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது தேதி தள்ளிப்போனதால் இல்லை. நீங்கள் காட்டும் படங்களும் நீங்கள் சொல்லும் வார்த்தைகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, அதனால்தான்.

கருவியின் வெளிக்கூடு பற்றிப் பேசுவோம். மோல்டு (கூட்டை வார்க்கும் எஃகு அச்சு) தயார், முதல் மாதிரிகள் வந்துவிட்டன என்று போன ஆண்டே எழுதினீர்கள், படமும் போட்டீர்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட்டின் ஓரத்தில் மெல்லிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. 3டி பிரிண்டரில் எடுத்த பொருளில் இருக்கும் அடுக்குக் கோடுகள் அவை. உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு மோல்டுக்குள் அழுத்திச் செலுத்தி எடுக்கும் கூட்டில் அப்படி வராது, அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. மோல்டின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு, பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த இடத்தில் ஒரு சிறு வடு, ஆறிய கூட்டை வெளியே தள்ளும் ஊசிகள் பதிந்த வட்டங்கள் உள்பக்கத்தில், சுவர் தடிமனாக இருக்கும் இடங்களில் லேசான குழி. உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிற ஒரு படத்தைக்கூட நீங்கள் இதுவரை போடவில்லை. எல்லாப் படமும் மேலிருந்து எடுத்தவை, எல்லாவற்றிலும் மூடி மூடியே இருக்கிறது.

இதில் தப்பாக எதுவும் இல்லாமலும் இருக்கலாம். பழைய மாதிரியின் படத்தை அவசரத்தில் யாரோ சேர்த்திருக்கலாம். அப்படியென்றால் சரியான படத்தைப் போட ஒரு நிமிடம் போதும். கேட்டோம், போடவில்லை. அதற்கடுத்த அப்டேட்டில் கூட்டின் நிறங்களில் எது பிடிக்கும் என்று எங்களிடம் வாக்கெடுப்பு நடத்தினீர்கள். மோல்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவனுக்கு நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும்.

மோல்டை இவ்வளவு பிடித்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரிக் கருவியில் மொத்தமாகப் பெரிய தொகை போய்ச் சேரும் இடம் அதுதான். எஃகை வெட்டிவிட்டால் பின்வாங்குவது கஷ்டம், ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும், வெட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும், முதல் மாதிரி சரியாக வராமல் திருத்தினால் இன்னும் சில வாரம். எஃகு வெட்டியாகிவிட்டது என்றால் வடிவமைப்பு உறுதியாகிவிட்டது, பணமும் இறங்கிவிட்டது என்று பொருள். இன்னும் வெட்டவில்லை என்றால் அடுத்த காலாண்டில் அனுப்புவது நடக்கவே நடக்காது. ஆகையால் மோல்டு பற்றிய ஒரு நேரான பதில் உங்கள் எல்லா அப்டேட்டுகளையும்விட எங்களுக்கு உபயோகமானது.

அடுத்தது திரை. எழுதும் கருவிக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. இ-இங்க் திரையில் எழுத்து தோன்ற நேரம் பிடிக்கும், அது அந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு. கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்புலத்தில் மேலும் கீழும் நகர்ந்துதான் எழுத்து உருவாகிறது. திரை முழுவதையும் புதுப்பித்தால் ஒருமுறை கறுத்து வெளுக்கும், ஒரு பகுதியை மட்டும் புதுப்பித்தால் வேகம் கிடைக்கும் ஆனால் பழைய எழுத்தின் நிழல் பின்னால் தங்கிவிடும். வேகமாகத் தட்டச்சு செய்கிறவரின் விரலுக்கு ஈடுகொடுக்கும்படி இதைச் சமாளிப்பதுதான் இந்தக் கருவியின் உண்மையான பொறியியல், மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் வெளியிட்ட வீடியோக்களில் விரல் விசையை அழுத்துவது தெரிகிறது, உடனே காட்சி வெட்டப்படுகிறது, அடுத்த காட்சியில் திரையில் முழு வரியும் நிற்கிறது. விரலும் திரையும் ஒரே காட்சியில், வெட்டாமல், பத்து விநாடி தொடர்ந்து தெரிகிற வீடியோ ஒன்றுகூட இல்லை. ஒரு வீடியோவில் கருவியின் பின்னாலிருந்து ஒரு கேபிள் மேசைக்கு அடியில் போகிறது. அது சார்ஜ் கேபிளாகவும் இருக்கலாம், அடியில் இருக்கும் வேறொரு பலகைதான் உண்மையில் வேலை செய்கிறது என்பதாகவும் இருக்கலாம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

படத்துக்கும் பொருளுக்கும் உள்ள இந்த இடைவெளி புதிதல்ல. கிக்ஸ்டார்ட்டர் 2012-லேயே தாங்கள் ஒரு கடை அல்ல என்று அறிவித்து, வன்பொருள் திட்டங்களில் கணினியில் வரைந்த நிஜம்போன்ற படங்களையும், கருவி செய்யாததைச் செய்வதுபோலக் காட்டும் காட்சிகளையும் தடைசெய்தது. 2015-இல், லேசரால் மயிரை வெட்டும் ரேஸர் என்று சொல்லி 40 லட்சம் டாலர் வரை உறுதி வாங்கிய ஒரு திட்டத்தை, வேலை செய்யும் மாதிரி இல்லை என்பதற்காகவே அந்தத் தளம் நிறுத்திவைத்தது. நீங்கள் பணம் திரட்டியது எந்தத் தளமாக இருந்தாலும் கேள்வி அதேதான்: வேலை செய்கிற ஒன்று இருக்கிறதா?

உங்கள் சதவீதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் தொண்ணூறு, பிறகு தொண்ணூற்றைந்து, இப்போது தொண்ணூற்றெட்டு. எதில் தொண்ணூற்றெட்டு? வன்பொருள் செய்கிறவர்கள் யாரும் சதவீதத்தில் பேசிக்கொள்வதில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் பேசுவது இவிடி, டிவிடி, பிவிடி (EVT, DVT, PVT) என்ற மூன்று சோதனைக் கட்டங்களில். சர்க்யூட்டும் பாகங்களும் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று முதலில் சில பலகைகளில் சோதிப்பார்கள், அப்புறம் இறுதி வடிவத்தில் கீழே போட்டும் சூடேற்றியும் சோதிப்பார்கள், கடைசியில் உண்மையான உற்பத்தி வரிசையிலேயே ஒரு சிறு தொகுதியை ஓட்டிப் பார்ப்பார்கள். இதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், அந்தக் கட்டத்தில் எத்தனை கருவி செய்தீர்கள், எத்தனை தேறின, தேறாதவை எதனால் தேறவில்லை? இதைச் சொன்னால் நாங்களே தேதியைக் கணக்குப் போட்டுக்கொள்வோம். தேறாதவை நிறைய என்றால்கூடப் பரவாயில்லை, இந்த வேலை அப்படித்தான் நடக்கும்.

சான்றிதழ்கள் எல்லாம் வாங்கியாகிவிட்டது என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். வைஃபை உள்ள கருவி என்பதால் அமெரிக்காவில் விற்க அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிகள் எண்ணோடு பொதுவில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் தேடலாம். உங்கள் பெயரிலும் கருவியின் பெயரிலும் தேடினேன், எதுவும் வரவில்லை. ஏற்கெனவே அனுமதி பெற்ற வைஃபை மாட்யூலை வாங்கிப் பொருத்தியிருந்தால் அதன் எண்ணே போதும் என்று நீங்கள் சொல்லலாம், நியாயமான பதில்தான். அப்போது அந்த மாட்யூலின் எண்ணைச் சொல்லுங்கள், முழுக் கருவியும் வீணாக அலைகளைக் கசியவிடவில்லை என்று சோதித்த ஆய்வகத்தின் அறிக்கையைக் காட்டுங்கள்.

பேட்டரிக்கு இன்னும் எளிது. லித்தியம் பேட்டரியை விமானத்திலோ கப்பலிலோ அனுப்ப வேண்டுமென்றால் ஐ.நா.வின் 38.3 சோதனைகளில் அது தேறியிருக்க வேண்டும். உயரமான இடத்தின் குறைந்த காற்றழுத்தம், கடும் சூடும் குளிரும், அதிர்வு, மோதல், ஷார்ட் சர்க்யூட் என்று வரிசையாக நடக்கும் சோதனைகள் அவை. அவற்றின் சுருக்க அறிக்கையைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கும்படி தயாரிப்பாளரும் விநியோகிப்பவரும் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 ஜனவரியிலிருந்து விதி. பேட்டரியை விற்றவரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டால் அனுப்பிவிடுவார்கள். அனுப்பத் தயாராக இருக்கிறோம் என்று சொல்கிறவர்களிடம் இந்தத் தாள் ஏற்கெனவே இருந்தாக வேண்டும், இல்லையென்றால் எந்தக் கூரியர்காரரும் பெட்டியைத் தொடமாட்டார். அந்தத் தாளைத்தான் கேட்டோம். பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது.

காரணங்களுக்கு வருகிறேன். சிப் தட்டுப்பாடு என்றீர்கள். 2021, 2022-இல் அது உண்மை, கார் கம்பெனிகளே ஆலையை நிறுத்திவைத்த காலம், சாதாரண மைக்ரோகண்ட்ரோலருக்கு ஓராண்டு காத்திருக்கச் சொன்னார்கள். ஆனால் நீங்கள் பணம் திரட்டியதே அதற்குப் பிறகு. இப்போதும் ஒரு குறிப்பிட்ட சிப் கிடைக்கவில்லை என்றால் எந்தச் சிப் என்று சொல்லுங்கள், கிடைக்கிறதா இல்லையா என்று பெரிய பாக விற்பனையாளர்களின் இருப்புப் பட்டியலில் எவரும் பார்த்துவிடலாம். திரை வரவில்லை என்றீர்கள். உலகில் பெரும்பாலான இ-இங்க் திரைகள் தைவானின் ஒரே நிறுவனத்திடமிருந்துதான் போகின்றன என்பதால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையில் நிற்கிறவரிடம் ஆர்டர் போட்ட தாள் இருக்கும். விலையை மறைத்துவிட்டு தேதியையும் எண்ணிக்கையையும் மட்டும் காட்டலாம். சீனப் புத்தாண்டு விடுமுறையைக் காரணமாகச் சொன்னதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. அது ஒவ்வொரு ஆண்டும் வருகிறது, தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும், அந்த வாரங்களில் ஆலைகள் மூடிக் கிடக்கும் என்பது சீனாவில் ஒரு திருகாணி வாங்கியவருக்குக்கூடத் தெரியும். முதல் ஆண்டு சொன்னபோது அனுபவக் குறைவு என்று விட்டோம். அடுத்த ஆண்டும் எதிர்பாராத தடங்கல் என்ற பட்டியலில் அதையே சேர்த்திருக்கிறீர்கள்.

சரி, இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பொறுக்க முடியாமல் போன விஷயம் ஒன்றுதான்: உங்கள் இணையதளத்தில் கடை திறந்திருக்கிறது. முதலில் பணம் போட்டவர்களுக்கு இன்னும் ஒரு கருவிகூடப் போகாத நிலையில், புதிதாக வருகிறவர்களிடம் முழு விலையையும் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் தாமதம் பற்றி ஒரு வரி கிடையாது. அங்கேயும் அடுத்த காலாண்டு என்றே போட்டிருக்கிறது. அப்படியென்றால் எங்களுக்கு அனுப்பி முடித்த பிறகு அவர்களுக்கா, சேர்த்தா, அவர்களுக்கு முன்பா? புதிதாக வரும் பணத்தில்தான் எங்கள் கருவியைச் செய்ய வேண்டிய நிலை வந்துவிட்டதா? இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, கேள்வியாகவே கேட்கிறேன், ஆனால் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு மௌனம் சாதிப்பது எந்த விதத்திலும் சரியில்லை.

இப்படி நடந்த கதையின் முடிவு எங்களுக்குத் தெரியும். கூலஸ்ட் கூலர் என்ற குளிர்பெட்டிக்கு 2014-இல் 62,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2015 பிப்ரவரியில் தருவதாகப் பேச்சு. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் காத்திருக்கும்போதே அதே பெட்டி அமேசானில் விற்பனைக்கு வந்தது, உற்பத்திக்குப் பணம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். பிறகு, சீக்கிரம் வேண்டுமென்றால் இன்னும் 97 டாலர் கொடுங்கள் என்று காத்திருந்தவர்களிடமே கேட்டார்கள். 2019 டிசம்பரில் கம்பெனியை மூடியபோது ஏறக்குறைய 20,000 பேர் வெறுங்கையோடு நின்றார்கள். அவர்களை யாரும் தொடக்கத்திலேயே ஏமாற்ற நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெட்டியைச் செய்ய ஆகும் செலவு வாங்கிய விலையைவிடக் கூடிப்போனது, அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் அடுத்தடுத்த பணத்தால் ஈடுகட்டப் பார்த்தார்கள். நீங்களும் போன மாதம் கூடுதல் அனுப்புச் செலவு என்று எங்களிடம் பணம் கேட்டிருக்கிறீர்கள். கருவியே தயாராகாத நிலையில் அனுப்புச் செலவு எதற்கு?

ஸானோ டிரோன் விஷயமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 12,000 பேர் 23 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள், அப்போது ஐரோப்பாவிலேயே பெரிய கிக்ஸ்டார்ட்டர் திட்டம் அது. 2015 நவம்பரில் கம்பெனி கலைக்கப்பட்டது. கிக்ஸ்டார்ட்டரே ஒரு பத்திரிகையாளரை அமர்த்தி என்ன நடந்தது என்று எழுதச் சொன்னது. சொன்னபடி அந்த டிரோனைச் செய்துமுடிக்கத் தேவையான தொழில்நுட்பத் திறனோ வணிகத் திறனோ அவர்களிடம் இருக்கவில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். பணம் போட்டவர்களுக்குக் கடைசிவரை போய்க்கொண்டிருந்ததோ நம்பிக்கையான செய்திகள். பீச்சி பிரிண்டர் என்ற மலிவு விலை 3டி பிரிண்டர் திட்டத்தில், திரட்டிய பணத்தில் கணிசமான பகுதி நிறுவனர்களில் ஒருவரின் வீடு கட்டப் போய்விட்டது என்பதை மற்ற நிறுவனரே 2016-இல் வெளியே சொன்னார். உங்களை இவர்களோடு சேர்த்துப் பேசுவது நியாயமா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். மூடப்போகிற திட்டத்தின் அப்டேட்டும் கொஞ்சம் தாமதமாகத் தரப்போகிற திட்டத்தின் அப்டேட்டும் படிப்பவருக்கு ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டும் விவரங்களைத் தர உங்களால் மட்டும்தான் முடியும், நீங்களோ அவற்றைத்தான் தராமல் இருக்கிறீர்கள்.

நம்மோடு காத்திருக்கும் சிலர் உங்களுக்காகப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒன்று எனக்குப் பிடிக்கிறது: சிறு குழு, எல்லா நேரமும் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தால் வேலை எப்போது செய்வார்கள் என்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் நான் நீண்ட விளக்கம் எதையும் கேட்கவில்லை. விசையை அழுத்தி எழுத்து வருவதை ஃபோனில் வெட்டாமல் எடுக்க ஒரு நிமிடம் போதும். பேட்டரித் தாள் யாரிடமோ ஏற்கெனவே இருக்கிறது. கூட்டைத் திருப்பி ஒரு படம் எடுக்க அதற்கும் குறைவான நேரம். அழகான தலைப்புப் படத்தோடும் நிற வாக்கெடுப்போடும் நீங்கள் போடும் அப்டேட்டுக்கு இதைவிடப் பல மடங்கு உழைப்பு ஆகியிருக்கும். இன்னொன்று சொல்கிறார்கள், முதலீடு என்றால் போகவும் செய்யும், ஆய்வுகளிலேயே நூற்றுக்கு ஒன்பது திட்டம் கொடுக்காமல் போகிறது என்று. 2015-இல் அதே மோலிக் கிக்ஸ்டார்ட்டர் ஆதரவாளர்கள் சுமார் 47,000 பேரிடம் கேட்டுச் சொன்ன கணக்கு அது. அந்த ஒன்பதில் ஒன்றாக இருந்தால்கூட நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அது தெரியவேண்டிய நாளில் எனக்குத் தெரிய வேண்டும்.

ஏன் அந்த நாள் முக்கியம் என்று சொல்கிறேன். நீங்கள் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தாலும் மாதாமாதம் சம்பளம் போகிறது, வாடகை போகிறது. ஒவ்வொரு காலாண்டு தள்ளிப்போகும்போதும் திருப்பித் தரக்கூடிய தொகை குறைந்துகொண்டே வருகிறது. இன்று முடியாது என்று சொன்னால் பாதியாவது கிடைக்கலாம். இன்னும் ஓராண்டு வாய்தா வாங்கிவிட்டுச் சொன்னால் கிடைக்க எதுவும் இருக்காது. எங்கள் பொறுமையைக் கேட்கிறீர்களே, அந்தப் பொறுமையின் செலவு எங்கள் கணக்கில்தான் ஏறுகிறது. ஆகவே திரட்டியதில் தளத்தின் கமிஷனும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக எவ்வளவு கைக்கு வந்தது, மோல்டுக்கு எவ்வளவு, பாகங்களுக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு, கையில் மிச்சம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ரசீது ரசீதாக வேண்டாம், பெரிய தலைப்புகளில் போதும். மிச்சம் இருப்பது கருவிகளைச் செய்து அனுப்பப் போதுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

நிறுத்திவிட்டுப் பணத்தைத் திருப்பித் தருவது கேவலம் இல்லை. மேலே சொன்ன அதே பெபிள், 2016-இல் மூன்றாவது முறையாகப் பணம் திரட்டி, பாதி வழியில் முடியாமல்போய், டிசம்பரில் ஃபிட்பிட் என்ற உடற்பயிற்சிப் பட்டைக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. செய்துமுடிக்காத இரண்டு கருவிகளையும் ரத்துசெய்து, அவற்றுக்குப் பணம் போட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கடிகாரம் கிடைக்காததில் வருத்தம் இருந்தாலும், பணம் கைக்குத் திரும்பி வந்தது.

சட்டம் பற்றி மிரட்ட எனக்கு விருப்பமில்லை, ஆனால் நீங்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கிக்ஸ்டார்ட்டரின் விதிகளில் 2014 முதல் தெளிவாகவே இருக்கிறது: சொன்னதைத் தர முடியாதவர் பணம் எப்படிச் செலவானது என்று விளக்க வேண்டும், மிச்சம் இருப்பதைத் திருப்பித் தர முன்வர வேண்டும். பலகை விளையாட்டு ஒன்றுக்காக 1,20,000 டாலருக்கு மேல் திரட்டிச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தியவர்மீது அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி 2015-இல் நடவடிக்கை எடுத்தது, கிரவுட்ஃபண்டிங் விஷயத்தில் அதுதான் அந்த அமைப்பின் முதல் வழக்கு. முயன்று தோற்றவரையும் பணத்தை வேறு வழியில் செலவழித்தவரையும் சட்டம் ஒன்றாகப் பார்க்கவில்லை. நீங்கள் முயன்று தோற்றவர்களாக இருந்தால் கணக்கைக் காட்டுவது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

தேதி எதுவும் சொல்லாதீர்கள், இனி அதை வைத்து நான் என்ன செய்ய? கடையை மூடுங்கள், முதலில் அதைச் செய்யுங்கள், இன்றே செய்ய முடியும். எங்களுக்குக் கருவி அனுப்பி முடியும்வரை புதிதாக யாரிடமும் ஒரு காசு வாங்க வேண்டாம். கூடுதல் அனுப்புச் செலவை ஏற்கெனவே கட்டியவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுங்கள், பெட்டி கட்டுகிற வாரத்தில் கேட்டுக்கொள்ளலாம். வெட்டாத வீடியோ, கூட்டின் உள்பக்கம், பேட்டரியின் 38.3 தாள், எந்தக் கட்டத்தில் எத்தனை கருவி தேறியது என்ற விவரம், இவை இரண்டு வாரத்துக்குள் வரட்டும். கணக்குக்கு வேண்டுமானால் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை வந்தால், இன்னும் ஓராண்டு ஆகும் என்று அதில் தெரிந்தாலும் நான் காத்திருப்பேன், கேள்வி கேட்கிற மற்றவர்களிடமும் உங்களுக்காகப் பேசுவேன். வராவிட்டால், பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்று உங்களுக்கும் தளத்துக்கும் அனுப்பியிருக்கும் விண்ணப்பத்தை அப்படியே நடைமுறைப்படுத்தச் சொல்வேன், நுகர்வோர் அமைப்பிலும் புகார் கொடுப்பேன். விண்ணப்பம் கிடைத்தது என்பதற்கு மட்டுமாவது பதில் போடுங்கள், பொறுமைக்கு நன்றி என்று வேண்டாம்.

இப்படிக்கு,
முதல் வாரத்திலேயே பணம் போட்டவர்களில் ஒருவர்